'துணிச்சலான நடிப்பு' என்று சொல்வதற்கு முன்: சீண்டும் கலைப்படங்களை விவாதிக்க ஒரு வழிகாட்டி

பார்வையாளரைச் சீண்டவேண்டும் என்ற எண்ணத்தோடு எடுக்கப்பட்ட ஒரு கலைப்படம் முடிந்து விளக்குகள் எரியும்போது, அரங்கில் இரண்டு வாக்கியங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காதில் விழும். "இதையெல்லாம் படம் என்று எடுத்து வைத்திருக்கிறார்கள்" என்பது ஒன்று, "என்ன துணிச்சலான நடிப்பு!" என்பது மற்றொன்று. முதலாமவர் படத்தின் நோக்கத்தின் மீது தீர்ப்புச் சொல்கிறார். இரண்டாமவர் நடிகரின் மன உறுதியைப் பாராட்டுகிறார். ஒருவரையொருவர் மறுப்பதாக நினைத்துக்கொண்டு இருவரும் அடுத்த ஒரு மணி நேரம் பேசுவார்கள். இருவர் பேச்சும் ஒரே பொருளைத் தொடவே தொடாது. திரைப்படச் சங்கக் கூட்டங்களில் பல ஆண்டுகள் பின்வரிசையில் அமர்ந்தும், சில காலம் அவற்றை முன்னின்று நடத்தியும் பார்த்தவன் என்ற முறையில், இத்தகைய விவாதங்கள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் வெவ்வேறு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதே என்று நினைக்கிறேன்.

படம் உங்களை என்ன செய்தது, படம் என்ன செய்ய முயன்றது, அதில் நடிகர் செய்தது எது, அந்த நடிப்பு எப்படிப் பெறப்பட்டது ஆகிய நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குரிய விடையை இன்னொன்றுக்கு விடையாக நீட்டுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை. அந்த முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டு பேசும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்துப் பேர் கூடும் கூட்டத்துக்கும், படம் பார்த்துவிட்டுச் சேர்ந்து நடக்கும் இரண்டு நண்பர்களுக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும்.

பேசத் தொடங்கும் முன்

எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இது வேடிக்கையான அறிவுரையாகத் தோன்றலாம். ஆனால் சர்ச்சைக்குள்ளான படங்கள் நாட்டுக்கு நாடு வெட்டப்பட்டும், சுருக்கப்பட்டும், சில வேளைகளில் வரிசை மாற்றப்பட்டும் வெளியாகியிருக்கின்றன. ஆன்ட்ரேய் சுலாவ்ஸ்கி இயக்கிய 'பொசெஷன்' 1981இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியது. அமெரிக்கத் திரையரங்குகளுக்குச் சென்றபோது அதில் 81 நிமிடங்களே எஞ்சியிருந்தன. மூன்றில் ஒரு பங்கை இழந்த படத்தைப் பார்த்தவர் "நாயகியின் மனமாற்றத்துக்குக் காரணமே இல்லை" என்று சொன்னால், அந்தக் குறை நடிகைக்கு உரியதா, கத்தரிக்கோலுக்கு உரியதா? ஆகவே ஓடும் நேரத்தையும் பதிப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குச் செலவாகும் அரை நிமிடம் வீணல்ல.

அடுத்து, உடனே பேசாதீர்கள். படம் முடிந்ததும் பத்து நிமிடமாவது ஒவ்வொருவரும் தனியாக இருந்து, மனத்தில் நின்ற மூன்று காட்சிகளைத் தாளில் குறித்துக்கொள்ளட்டும். பெயரடைகள் வேண்டாம், கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும் போதும். "கொடூரமான காட்சி" என்று எழுதுவதற்குப் பதிலாக, "கதவு மூடியிருக்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது, கேமரா நகரவில்லை" என்று எழுதவேண்டும். இதற்கு வலுவான காரணம் உண்டு. கூட்டத்தில் முதலில் உரத்துப் பேசுகிறவரின் சொற்கள் மற்றவர்களின் நினைவின் மேல் படிந்துவிடும். அதற்குப் பிறகு அவரவர் உண்மையில் என்ன பார்த்தோம் என்பதை மீட்டெடுப்பது கடினம்.

அதிர்ச்சி தரும் காட்சிகளைப் பொறுத்தவரை நினைவு கூடுதலாகவே ஏமாற்றும். மைக்கேல் ஹானெக்கேயின் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) படத்தைப் பார்த்த பலர் அதில் சிறுவன் கொல்லப்படுவதைக் கண்ணால் கண்டதாகவே சொல்வார்கள். படத்தில் அந்த நேரத்தில் கேமரா சமையலறையில் நிற்கிறது. கொலையாளிகளில் ஒருவன் தனக்குச் சாப்பிட ஏதோ தயார் செய்துகொண்டிருக்கிறான். துப்பாக்கி வெடிப்பதும் அலறலும் அடுத்த அறையிலிருந்து நமக்குக் கேட்கின்றன, அவ்வளவுதான். "எதற்காக இவ்வளவு பச்சையாகக் காட்டவேண்டும்?" என்று ஒருவர் கோபப்பட்டு, காட்டவே இல்லை என்று அறியும்போது அவருடைய கேள்வி மறைந்துவிடாது. "காட்டாமலே என்னைப் பார்த்ததாக நம்பவைத்தது எது?" என்ற இன்னும் கூர்மையான கேள்வியாக அது மாறும். குறிப்பெடுத்துக்கொண்டவர்களிடையேதான் இந்த மாற்றம் நிகழும்.

அதிர்ச்சியை எங்கே வைப்பது

ஒரு படம் உங்களைக் குலைத்துப்போட்டது என்பது உங்களைப் பற்றிய உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் அது படத்தின் தரத்துக்குச் சான்றாகாது, தரமின்மைக்கும் சான்றாகாது. விபத்தைப் பார்த்தாலும் மனம் குலையும். மிகச் சிறந்த நாடகத்தைப் பார்த்தாலும் குலையும். எனவே "எனக்குத் தாங்க முடியவில்லை" என்ற வாக்கியத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தாங்க முடியாமல் போனது எந்த நொடியில்? நொடியைச் சுட்டத் தொடங்கினால் பேச்சு கைவினையை நோக்கி நகரும். காட்சியின் பொருளா, அது நீடித்த நேரமா, ஒலியா, அதைத் தொடர்ந்து வந்த மௌனமா, அல்லது அதைச் செய்த கதாபாத்திரத்தைப் படம் தண்டிக்காமல் விட்டதா என்று பிரித்துப் பார்க்க முடியும். என் அனுபவத்தில், கலைப்படங்களின் மீது எழும் கோபத்தில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. படம் தன் கதாபாத்திரத்தைக் கண்டிக்கவில்லை என்றால் படம் அவரை ஆதரிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த முடிவு சில படங்களில் சரியாகவும் இருக்கக்கூடும். ஆனால் அதைக் காட்சிகளைக் கொண்டு நிறுவவேண்டும்.

எதிர்த்தரப்பிலும் இதே அளவு சோம்பல் உண்டு. அந்தோனியோனியின் 'லாவென்தூரா' 1960இல் கான் விழாவில் கேலிக் கூச்சலுக்கு ஆளானது, மறுநாளே இயக்குநர்களும் விமர்சகர்களும் கையெழுத்திட்டு அதற்கு ஆதரவு தெரிவித்தார்கள், அதே விழாவில் நடுவர் பரிசும் அதற்குக் கிடைத்தது என்ற வரலாற்றை எடுத்துவைத்து, "அன்றும் இப்படித்தான் கத்தினார்கள்" என்று வாயடைப்பவர்கள் இருக்கிறார்கள். கூச்சலுக்கு ஆளாகி, அந்தக் கூச்சலுக்குத் தகுதியாகவே மறக்கப்பட்ட படங்களின் பட்டியலை மட்டும் யாரும் கையில் வைத்திருப்பதில்லை. ஒரு படம் எதிர்ப்பைச் சந்தித்தது என்பதிலிருந்து அது காலத்தை மீறியது என்ற முடிவு தானாக வந்துவிடாது.

நடிப்பைப் பார்க்கும் முறை

இந்த வகைப் படங்களில் முதன்மை நடிகரைப் பற்றிய பேச்சில் 'துணிச்சல்' என்ற சொல்லே அதிகம் புழங்குகிறது. ஆடையின்றித் தோன்றுதல், வன்முறைக்கு உட்படுதல், வெறுக்கத்தக்கவராக நடித்தல் ஆகியவற்றுக்கு ஒப்புக்கொண்டதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஒப்புக்கொள்வது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளன்று முடிந்துவிடுகிற செயல். நடிப்பு அதற்குப் பிறகு தொடங்குகிறது. துணிச்சலான முடிவெடுத்துவிட்டுச் சாதாரணமாக நடித்தவர்களும் உண்டு. எந்த ஆபத்தும் இல்லாத பாத்திரத்தில் வியக்கத்தக்க நுட்பத்தைக் காட்டியவர்களும் உண்டு. ஆகவே விவாதத்தின் முதல் அரைமணி நேரத்துக்கு 'துணிச்சல்' என்ற சொல்லைத் தடைசெய்துவிடலாம் என்பது என் ஆலோசனை. நான் நடத்திய கூட்டங்களில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டதும் சிலர் திகைத்து நின்றார்கள். அவர்களிடம் வேறு சொல்லே கையிருப்பில் இல்லை என்று தெரிந்தது. அந்தத் திகைப்புக்குப் பிறகுதான் அவர்கள் நடிகரின் கைகளைப் பற்றிப் பேசினார்கள்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் உச்சக் காட்சியை விட்டுவிட்டு, எதுவுமே நடக்காத ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். 'பொசெஷன்' என்றாலே இசபெல் அட்ஜானி சுரங்கப்பாதையில் வெறிபிடித்தாற்போல் தன்னைச் சுவரில் மோதிக்கொள்ளும் காட்சிதான் நினைவுக்கு வரும். கான் விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு அவருக்குக் கிடைத்ததையும் அந்தக் காட்சியோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அந்த வெடிப்பு நம்பத்தக்கதாக இருப்பது, அதற்கு முன் அவர் அமர்ந்திருக்கும்போதும் பொருள்களைக் கையாளும்போதும் உடலில் எவ்வளவு அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. உச்சக் காட்சியில் நடிகருக்குத் துணையாக ஒலி, ஒளி, கேமரா அசைவு எல்லாம் வந்துவிடும். காத்திருக்கும் காட்சியிலும் சாப்பிடும் காட்சியிலும் அவர் ஏறக்குறையத் தனியாகவே நிற்கிறார்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டாகக் காட்டுவது ஷான்டால் அகெர்மனின் 'ழான் தீல்மன்' (1975). 201 நிமிடம் ஓடும் இந்தப் படத்தில் ஒரு விதவைத் தாயின் மூன்று நாள்களைப் பார்க்கிறோம்: சமையல், துப்புரவு, கடைக்குப் போய்வருதல், இவற்றுக்கு நடுவே, பிழைப்புக்காக அவர் பாலியல் தொழில் செய்வதால் வீட்டுக்கே வரும் ஆண்கள். முதல் நாளில், அந்தத் தாயாக நடிக்கும் டெல்ஃபின் செய்ரிக்கின் கைகள் ஒவ்வொரு வேலையையும் அளந்தாற்போலச் செய்கின்றன. இரண்டாம் நாளில் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பணம் போட்டுவைக்கும் பாத்திரத்தின் மூடி திறந்தே கிடக்கிறது. முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. முதல் நாளின் ஒழுங்கை அந்த நடிகை நம் கண்ணுக்குப் பழக்கியிருக்காவிட்டால் இரண்டாம் நாளின் பிசகு நமக்குத் தெரிந்தே இருக்காது. "அந்தப் பெண் சும்மா வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார், இதில் நடிப்பு எங்கே?" என்று ஒருவர் கேட்டால், அவரை மறுத்து வாதாடவேண்டியதில்லை. இரண்டு நாள்களின் உருளைக்கிழங்குக் காட்சிகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்ததாக, முகத்தில் தெரிந்தது நடிகருடையதா, படத்தொகுப்பாளருடையதா என்று கேட்கவேண்டும். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனை திரைப்பட மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நடிகர் இவான் மொசூகினின் சலனமற்ற ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியோடும், வேறு படிமங்களோடும் அடுத்தடுத்து ஒட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டு பாராட்டினார்களாம். அந்த மூலப் படச்சுருள் இன்று இல்லை. சோதனையைப் பற்றிய செய்திகளும் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுகின்றன. ஆனாலும் அது சுட்டும் உண்மை எந்தப் படத்தொகுப்பு மேசையிலும் நாள்தோறும் உறுதியாகிறது. ஆகவே, "அந்தப் பார்வையிலேயே எல்லாம் சொல்லிவிட்டார்" என்று பாராட்டத் தோன்றும்போது, அந்தப் பார்வைக்கு முன்னும் பின்னும் எந்தக் காட்சித்துண்டு இருந்தது என்று பாருங்கள். துண்டு இரண்டு நொடியில் வெட்டப்படுகிறதா, அல்லது வெட்டு இல்லாமல் நீண்ட நேரம் முகம் மாறுவதைக் காட்டுகிறதா? வெட்டு இல்லாத நீளமான காட்சியில் ஓர் உணர்விலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியை நடிகரே நடந்து காட்டியாகவேண்டும். 'ஃபன்னி கேம்ஸ்' படத்தில் கொலைக்குப் பின் வரும், பத்து நிமிடத்தை நெருங்கும் வெட்டற்ற காட்சியில், கட்டப்பட்ட நிலையில் எழுந்து நகர முயலும் தாயாக சூசன்னே லோட்டார் செய்வதை எந்தப் படத்தொகுப்பாளரும் கொடுத்திருக்க முடியாது.

மூன்றாவதாக, படம் நடிகரிடம் எதைக் கேட்டது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் கொடுத்ததை அளக்க முடியாது. கார்ல் டிரையர், 1928இல் வெளியான படத்துக்காக ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையைப் படமாக்கியபோது மேடை நடிகையான ஃபால்கொனெட்டியின் முகத்தை ஒப்பனை இல்லாமல், மிக நெருக்கத்தில், மீண்டும் மீண்டும் காட்டினார். அங்கே முகமே போர்க்களம்; ஒவ்வொரு தசையும் பேசியாகவேண்டும். இதற்கு நேர்மாறாக, ராபர்ட் பிரெஸ்ஸோன் தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்து, தாம் தேர்ந்தெடுத்தவர்களை 'மாதிரிகள்' என்றே அழைத்து, உணர்ச்சி முழுவதும் வடிந்து செயல் மட்டும் தானாக எஞ்சும்வரை அவர்களை ஒரே வசனத்தையும் அசைவையும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். பிரெஸ்ஸோன் படத்தைப் பார்த்துவிட்டு "முகத்தில் ஒரு பாவமும் இல்லை" என்று குறைசொல்வது, உப்பில்லாமல் சமைக்கச் சொன்னவரின் வீட்டில் உப்பில்லை என்று குறைசொல்வதைப் போன்றது. அப்படிச் சமைக்கச் சொன்னது சரியா என்று கேட்கலாம். அது நல்ல கேள்வி. ஆனால் அது இயக்குநரிடம் கேட்கவேண்டியது.

நான்காவது, திரையில் தெரிவது முழுவதும் அந்த நடிகருடையதுதானா என்பது. லார்ஸ் வான் ட்ரையரின் 'நிம்ஃபோமேனியாக்' (2013) படத்தின் பாலுறவுக் காட்சிகளில் நட்சத்திரங்களின் உடலும் மாற்று நடிகர்களின் உடலும் கணினியில் இணைக்கப்பட்டிருந்தன. படத்தின் தயாரிப்பாளரே இதை வெளிப்படையாகச் சொன்னார். இது தெரியாமல் "எல்லாவற்றையும் அவரே செய்தார்" என்று வியந்தவர்களும், அதே காரணத்துக்காக அந்த நடிகர்களைத் தூற்றியவர்களும் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். குரலுக்கும் இது பொருந்தும். 1950கள் முதல் 1970கள் வரையிலான இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் ஒலி பின்னரே சேர்க்கப்பட்டது. திரையில் தோன்றுகிறவரின் குரல் வேறொருவருடையதாக இருப்பது அங்கே வழக்கம். பின்னணிக் குரல் கொடுத்தவருக்குச் சேரவேண்டிய பாராட்டை முகத்துக்குச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடுவது நம் காலத்திலும் நடக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு காட்சியை எப்படிப் படிப்பது என்பதற்கு ஹானெக்கேயின் 'தி பியானோ டீச்சர்' படத்தின் முடிவு நல்ல பயிற்சி. 2001இல் கான் விழாவில் இந்தப் படத்துக்காக இசபெல் உப்பேர் சிறந்த நடிகையாகவும், உடன் நடித்த பெனுவா மஜிமெல் சிறந்த நடிகராகவும் தேர்வானார்கள். இறுதியில் இசையரங்கின் முகப்பில் நிற்கும் ஆசிரியை கைப்பையிலிருந்து கத்தியை எடுத்துத் தன் தோளருகே குத்திக்கொள்கிறார். குத்தும் அந்த நொடியில் மட்டும் முகம் கோணுகிறது. அடுத்த நொடி அது பழைய முகமாக மூடிக்கொள்கிறது. அவர் வெளியே நடந்து போய்விடுகிறார். இந்தக் கோணலை எங்கள் குழுவில் ஒருவர் வலி என்றார், ஒருவர் தன் மீதான வெறுப்பு என்றார், இன்னொருவர் அதைச் சிரிப்புக்கு அருகில் இருக்கும் ஒன்று என்று அடித்துச் சொன்னார். மூவரும் தத்தம் வாசிப்புக்கு முந்தைய காட்சிகளிலிருந்து சான்று தேட நேர்ந்தது. எவ்வளவு நேரம் அந்த முகம் இறுகியே இருந்தது, எங்கெல்லாம் அது கசிந்தது, வகுப்பறையில் மாணவர்களைத் திருத்தும்போது வாயின் ஓரம் என்ன செய்தது என்றெல்லாம் பேச்சு விரிந்தது. விருதையோ கத்தியையோ பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அந்த நடிப்பு எப்படிப் பெறப்பட்டது

நான்கு கேள்விகளையும் தனித்தனியே வைக்கவேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்த ஏற்பாடு தடுமாறும் இடம் இது. பெர்னார்டோ பெர்டொலூச்சியின் 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' (1972) படத்தில் நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு வயது 19. உடன் நடித்த மார்லன் பிராண்டோ அவரைவிட இருமடங்குக்கும் மேல் வயதில் மூத்தவர், உலகப் புகழ் பெற்றவர். படத்தில் வரும் வல்லுறவுக் காட்சி நடிக்கப்பட்டதுதான். ஆனால் அதில் வெண்ணெயைப் பயன்படுத்தும் விவரம் படப்பிடிப்புக்குச் சற்று முன்னர்தான் தமக்குத் தெரிவிக்கப்பட்டது என்றும், தாம் அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்ததாகவும், தம் கண்ணீர் உண்மையானது என்றும் ஷ்னைடர் 2007இல் சொன்னார். அவர் 2011இல் மறைந்தார். 2013இல் அளித்த பேட்டியில் பெர்டொலூச்சி அந்த விவரத்தை மறைத்ததை ஒப்புக்கொண்டார். ஷ்னைடர் நடிகையாக அல்ல, ஒரு பெண்ணாக எதிர்வினை காட்டவேண்டும் என்று தாம் விரும்பியதாக அவர் காரணம் சொன்னார்.

இயக்குநர் சொன்ன காரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியிருந்தது நடிப்பு அல்ல என்று அவரே சொல்கிறார். அப்படியானால் அந்தக் காட்சியில் "எவ்வளவு உண்மையான நடிப்பு" என்று நாம் பாராட்டும்போது எதைப் பாராட்டுகிறோம்? படம் எடுத்த விதத்தைப் பற்றிய அறக்கேள்வியைக் கலைக்கு வெளியே நிறுத்தி வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில் வழியில்லை. நடிகரின் கைவினையை மதிப்பிட வேண்டுமென்றாலே, அவர் அறிந்து, தேர்ந்து, திரும்பவும் செய்யக்கூடியதாகச் செய்த செயல் எது, அவர் மீது நிகழ்த்தப்பட்டது எது என்று பிரித்தாகவேண்டும். இரண்டாவதை நடிப்பு என்று புகழ்வது அந்த நடிகைக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பதே என் நிலைப்பாடு; படத்தின் மற்றக் காட்சிகளில் அவர் செய்த வேலை இதனால் குறைந்துவிடாது.

இதைப் பேசும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நடிகர்கள் பொதுவெளியில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்து "பாவம், இவரைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள்" என்று ஊகிப்பது, அறிந்தே அந்தப் பாத்திரத்தை ஏற்று உழைத்தவரைச் சிறுமைப்படுத்தும். மறுபுறம், வெற்றியைக் காட்டி முறையீட்டைத் தள்ளிவிடவும் கூடாது. 2013இல் கான் விழாவின் முதற்பரிசான தங்கப் பனை 'புளூ இஸ் த வார்மஸ்ட் கலர்' படத்தின் இயக்குநர் அப்டெல்லத்தீஃப் கெஷிஷோடு, அதன் இரு நாயகிகளுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அதன் பிறகு அந்த நடிகைகள் இருவருமே படப்பிடிப்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்று வெளிப்படையாகப் பேசினார்கள். பரிசும் முறையீடும் ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை. 2018க்குப் பிறகு தொலைக்காட்சித் தொடர்களிலும் படங்களிலும் பாலுறவு போன்ற நெருக்கக் காட்சிகளுக்கென்றே ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தும் வழக்கம் பரவியிருக்கிறது. அவர்கள் பெயர் படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது விவாதத்துக்குப் பயன்படும் சின்னத் தகவல்.

கூட்டத்தை நடத்துதல்

இதில் சொல்ல அதிகம் இல்லை. படத்தில் என்ன வகைக் காட்சிகள் வருகின்றன என்பதைத் திரையிடலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இடையில் எழுந்து போனவரையும் பேச அழையுங்கள். தாம் பார்த்த பகுதியைப் பற்றியும் எழுந்த நொடியைப் பற்றியும் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, பார்க்காத பகுதியைப் பற்றி அவர் பேசாமல் இருந்தால் போதும். பேசுகிறவர் தமக்கு முன் பேசியவரின் கருத்தை, அவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கவேண்டும் என்ற விதி, தொடக்கத்தில் செயற்கையாகத் தோன்றினாலும் பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

சில வாக்கியங்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும். நடத்துகிறவர் அவற்றை அடையாளம் கண்டு கேள்வியாக மாற்றிக் கொடுக்கவேண்டும். "உங்களுக்குப் புரியவில்லை" என்பவரிடம், அவருக்குப் புரிந்ததைக் காட்டும் ஒரு காட்சியைச் சொல்லச் சொல்லுங்கள். "வெறும் விளம்பரத்துக்காகச் செய்தது" என்பவரிடம், அந்தக் காட்சியை நீக்கினால் படத்தில் வேறு எந்தக் காட்சி பொருளிழக்கும் என்று கேளுங்கள். எதுவும் பொருளிழக்காது என்று அவர் காட்டிவிட்டால் அவர் தரப்பு வலுவானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "குடும்பத்தோடு பார்க்க முடியுமா?" என்பது யாருக்குப் பரிந்துரைக்கலாம் என்ற வேறொரு நியாயமான கேள்வி, அதைக் குறித்து வைத்துக்கொண்டு இறுதியில் எடுத்துக்கொள்ளலாம். "விருது வாங்கிய படம்" என்பவருக்கு வான் ட்ரையரின் 'ஆன்டிகிரைஸ்ட்' படத்தை நினைவூட்டலாம். 2009இல் கான் விழாவில் அதன் நாயகி சார்லட் கான்ஸ்பூருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அதே விழாவில் கிறித்தவ நடுவர் குழு ஒன்று, பெண்களை வெறுக்கும் படம் என்று கண்டித்து அதற்கு 'எதிர்ப்பரிசு' கொடுத்தது. தம் கட்சிக்கு ஏற்ற பரிசை மட்டும் எடுத்துக்காட்டுவது, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் போய் முடியும். நடிப்பு சிறந்தது, படம் வெறுப்பு நிறைந்தது என்ற இரண்டையும் ஒருவர் ஒருசேர நம்பலாம். அப்படி நம்புகிறவரை முரண்படுவதாகக் குற்றம்சாட்ட வேண்டியதில்லை.

வாக்கெடுப்பு நடத்தி முடிவு காணும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, அதிகம் சண்டையிட்ட ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தோடு சேர்த்து மீண்டும் போட்டுப் பாருங்கள். ஒருமுறை ஒலியில்லாமல், பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நடிகரை மட்டும் பார்க்கவேண்டும். கேட்கும் முகத்தில் பொய் சொல்வது மிகக் கடினம். இன்னொரு முறை படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கவேண்டும். மூச்சு எங்கே அறுபடுகிறது, எந்தச் சொல்லுக்கு முன் குரல் தயங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். பிறகு, தொடக்கத்தில் எழுதிவைத்த மூன்று காட்சிக் குறிப்புகளை ஒவ்வொருவரும் எடுத்துப் பார்த்து, தவறாக எழுதியிருந்ததைத் திருத்திக்கொள்ளட்டும். ஒரு முறை நானே, "அந்த நடிகை கடைசிக் காட்சி முழுவதும் அழுதுகொண்டிருக்கிறார்" என்று எழுதி, அதன் மேல் அரைமணி நேரம் வாதாடியிருந்தேன். திரும்பப் போட்டுப் பார்த்தபோது, அவர் கண்ணில் ஒரு துளி நீர்கூட இல்லை.